தோளில் இரண்டு விரல்

"எடது கைய நீட்டுங்கப்பா."

தமாண்டா இதைச் சொன்னது ஆண்கள் வார்டில், மத்தியானப் பார்வை நேரத்தில், பதினாலாம் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு. நின்றுகொண்டு சொன்னதே பாதிக் குற்றம். கட்டிலில் இருந்தவருக்கு அவள் அப்பா வயது. எதிரே, தொப்பியைக் கழற்றாமல் வலது கையை நீட்டியபடி நின்றவர் அவருடைய தாய்மாமன். அந்தக் குடும்பத்தில் யார் எங்கே வாழ்வது, யாரை எந்த மண்ணில் புதைப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள் ஆற்றுவதை நிறுத்தினாள். வாசலருகே மண்டியிட்டு யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்திருக்க மறந்துபோனார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பெரியவரிடமும் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லாதவர்கள் இல்லை. நாலு வயதில் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த உப்பை இடது கையில் வாங்கினாள் என்று அம்மா அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். உப்பு தரையில் கொட்டியது. அதைப் பொறுக்கவும் வலது கையைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள். கோயிலில் முறைத்தார்கள். மூன்று வாரம் முன்னால் இதே ஆஸ்பத்திரியில், பயிற்சிக்கு வந்த முதல் நாளே, கோண்ட்வே சார் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார்.

மாவட்டம் முழுமைக்கும் பிசியோதெரபிக்கு இருக்கும் ஒரே ஆள் கோண்ட்வே. பழைய துணி வைக்கும் அறைதான் அவருடைய இடம். தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த நடைக்கம்பிகள் இரண்டு, நுரை பிதுங்கிய ஒரு மெத்தை, ஆணியில் தொங்கும் ஊன்றுகோல்கள். கல்லூரியிலிருந்து வந்த முதல் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேர், தமாண்டாவும் லிம்பானியும், அந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல் வருஷம்னா ரெண்டு கண்ணு, ஒரு நோட்டு. அவ்வளவுதான்" என்றார் கோண்ட்வே. "கை அடுத்த வருஷம் முளைக்கும். அதுவரைக்கும் நான் தொடச் சொன்னாத்தான் தொடணும். பெரியவங்ககிட்ட பேசினா உக்காந்து பேசு. யார்கிட்டயும் நடக்க வெச்சிடுவேன்னு வாக்கு குடுக்காதே. பக்கவாதக்காரங்ககிட்ட எடது கைய நீட்டுன்னு கேக்கவே கேக்காதே."

லிம்பானிக்கு வாய் சும்மா இருக்காது. "வலது கை விழுந்துபோச்சுன்னா எதைத்தான் சார் கேக்கறது?"

"ஒண்ணையும் கேக்காதே. போய் உக்காரு. தொட்டுப் பேசு. வர்றதா இருந்தா எடது கை தானா வரும்."

"வரலைன்னா?"

"நாளைக்குப் போ."

"நாளைக்கும் வரலைன்னா சார்?"

"உன்னைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பிட்டு நான் நிம்மதியா இருப்பேன்."

ஆளுக்கொரு பதிவேடு கொடுத்தார். இருபத்தாறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் 'நடத்தை' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியில் கையெழுத்து விழவில்லையென்றால் மற்ற இருபத்தாறும் வெறும் காகிதம். வருஷம் போகும், உதவித்தொகையும் போகும். தமாண்டாவின் வீட்டில் நாலு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள்தான். கல்லூரி வாசலை மிதித்தவள் இவள் ஒருத்தி. அந்தப் பதிவேட்டை இரண்டு கையாலும், முழங்கால் மடக்கி, வாங்கிக்கொண்டாள்.

*

பதினாலாம் கட்டில்காரரின் பெயர் லைட்டன் நகும்வா. மேற்கே ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. ஒரு காலை ஆள் கணக்கெடுக்கும்போது, நூற்றுச் சொச்சம் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்க, பேர் சொல்லிக்கொண்டிருந்த வாய் பாதியில் கோணி, வலது பக்கம் மொத்தமாகச் சாய்ந்து விழுந்தார். பேச்சு இரண்டு நாளில் திரும்பிவிட்டது, கொஞ்சம் குழறலோடு. கை திரும்பவில்லை. கால் பாதி.

தமாண்டாவுக்கு முதலில் அவர்மேல் ஒரு பொட்டு இரக்கமும் வரவில்லை. படுத்த இடத்திலிருந்தே, "ஏ, அந்த சன்னலைச் சாத்து" என்பார். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். வேறு தோட்டம், வேறு கங்காணி, ஆனால் அதே குரல். சின்ன வயதில் மலைச்சரிவுக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறாள். மேட்டில் நின்று ஒருவன் வலது கையை இப்படி அசைத்தால் ஒரு பெண் வரிசையை விட்டு விலகி, வெறும் கூடையோடு வீட்டுக்கு நடக்க வேண்டும்.

அவருக்குத் துணையிருந்தவள் மனைவி ஏலுபே. ஒல்லியான, கெட்டியான பெண். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள். புரட்டுவது, கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் துணையாள் வேலை. ஜூன் மாதம். சிப்பெரோனி என்கிற குளிர்காலத் தூறல் மலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பத்து நாளாகக் கலையவில்லை. ஏலுபே துவைத்த துணிகள் காயவே இல்லை. துணையாட்கள் கொட்டகையில், புகை தாங்காமல் கண் சிவந்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொன்றாக வாட்டி எடுத்தாள். அந்தத் துணிகளோடு புகைவாடையும் வார்டுக்குள் வந்தது.

நகும்வா இடது கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தார். நல்ல கை. வலுவான கை. ஆனால் வெளியே எடுக்க மாட்டார். ன்சிமாக் களியை ஏலுபே உருட்டி, பூசணிக்கீரையில் தொட்டு, வாயில் வைப்பாள். "நீங்களே சாப்பிடலாமே அப்பா" என்று லிம்பானி ஒருநாள் சொன்னபோது, "எதால, காலாலயா?" என்று கேட்டு வாயை மூடவைத்தார்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கங்காணி அல்லவா. தோட்டத்திலிருந்து கும்பல் கும்பலாக வந்தார்கள். வந்தவர் வலது கையை நீட்டுவார். உடனே ஏலுபே புருஷனின் செத்த வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, தன் இரண்டு கையாலும் தாங்கி, வந்தவர் கையில் வைப்பாள். அவர் குலுக்குவார். மரியாதைக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே குலுக்குவார்கள். அப்புறம் அடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமாண்டா மூலையில் நின்று எண்ணினாள். முப்பத்தோரு பேர்.

மறுநாள் கோண்ட்வே அவளைத் தோளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோள் எலும்பின் விளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாத ஒரு பள்ளம். இரண்டு விரல் உள்ளே போயிற்று.

"சார், தோள் எறங்கியிருக்கு."

"தெரியும். ஏன்னு சொல்லு."

"தாங்கிப் பிடிக்கிற சதை செத்துப்போச்சு. மூட்டு சும்மா தொங்குது. அதைப் போய் வர்றவன் போறவன் எல்லாம் இழுத்துக் குலுக்கினா?"

"ஆங். நோட்டுல எழுது."

"எழுதிட்டா நின்னுடுமா சார்?"

கோண்ட்வே, பெண்கள் இடுப்பில் சுற்றும் சித்தேஞ்சேத் துணி ஒன்றை மடித்துக் கைக்கு அடியில் வைத்து உயர்த்தி, ஏலுபேயிடம் இந்தக் கையை இழுக்காதே அம்மா என்று உட்கார்ந்து, அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். ஏலுபே தலையாட்டினாள். அடுத்த ஆள் வந்து கையை நீட்டியதும் துணியைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கினாள். வேறு என்ன செய்வாள். புருஷனை மரியாதை கெட்டவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

*

செவ்வாய்க்கிழமை தமாண்டா கொட்டகைக்குப் போனாள். ஏலுபே துவரையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. எழுந்தபோது முழுதாக நிமிர முடியவில்லை.

"முதுகா?"

"முதுகு எங்க இருக்கு? அதை அவரு கட்டிலுக்குக் கீழயே விட்டுட்டு வந்துட்டேன். உக்காரு மகளே. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

"பொய். கன்னம் ஒட்டிக் கிடக்கு. இந்தா." துவரையை ஒரு தட்டில் போட்டுத் தள்ளினாள். "நாளை மறுநாள் மாமா வர்றாரு. பிக்கப் கொண்டு வர்றாராம்."

"எந்த மாமா?"

"அவரோட தாய்மாமன். பிஸ்விக் பெரியவரு. மலைக்கு அந்தப் பக்கம் அவங்க ஊரு. கூட்டிட்டுப் போகத்தான்."

தமாண்டா தட்டைக் கீழே வைத்தாள். "எங்க கூட்டிட்டு?"

"எங்கன்னா? அவரு பொறந்த ஊருக்கு. எங்க வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. இருபத்தேழு வருஷம். எங்க நெலத்துல உழைச்சாரு, வீடு கட்டினாரு, மூணு புள்ள. இப்ப உழைக்க முடியாது. உழைக்க முடியாத மாப்பிள்ளைய அவங்க ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போறதுதானே."

"வாங்கிட்டுப் போக அவரு என்ன, இரவல் குடுத்த கோடாலியா?"

ஏலுபே சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "நல்லாத்தான் கேக்கற. மாமாகிட்ட போய்க் கேளேன்."

"அங்க யாரு பாத்துக்குவா?"

"அவரு அக்கா ஒருத்தி. ரெண்டு கண்ணும் தெரியாது."

"புரட்டிப் போடறது?"

ஏலுபே கரண்டியால் துவரையைக் கிளறினாள். தேவையில்லாமல் ரொம்ப நேரம் கிளறினாள்.

"நீங்களும் கூடப் போயிடுங்க" என்றாள் தமாண்டா.

"நீ நம்ம லோம்வே சனத்துல பொறந்தவதானா? அங்க போய் எந்த அடுப்புல நான் கஞ்சி வைக்கறது? பொண்டாட்டி புருஷன் ஊருக்குப் போய் இருந்தான்னு எங்கயாவது கேட்டிருக்கியா?" குரலைத் தாழ்த்தினாள். "மாமா கெட்டவரு இல்ல மகளே. வருவாரு, பாப்பாரு. எந்திரிச்சு நிப்பானான்னு கேப்பாரு. சொந்தக் காலுல நின்னுட்டா விட்டுடுவாரு. நிக்கற மாப்பிள்ளைய யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. நிக்கலைன்னா..." கரண்டியை விளிம்பில் தட்டினாள். "ஒரு மாசம். நம்ம ஊருல எத்தனை பாத்திருக்கேன். இருட்டு ரூமு, ஓலைப் பாயி. முதுகு வெந்துபோயி ஒரு மாசத்துல முடிஞ்சுடும்."

*

அன்று மாலையே தமாண்டா பதினாலாம் கட்டிலைச் சுற்றித் திரைத்துணியை இழுத்துவிட்டாள். கோண்ட்வே தொடச் சொல்லவில்லை. கை இன்னும் முளைக்காத முதல் வருஷக்காரிதான்.

"அப்பா, எந்திரிச்சு நிக்கணும். கட்டில் கம்பியை எடது கையால பிடிச்சு முன்னால சாயுங்க. முழங்காலை நான் முட்டுக் குடுத்துக்கறேன்."

"உக்காந்து பேசு."

உட்கார்ந்தாள். "எடது கையால பிடிங்க."

"என்ன பொண்ணு, கங்காணியை எடது கையால பிச்சை எடுக்கச் சொல்றியா?"

"கம்பிகிட்ட என்ன மரியாதை? அதுக்கு வலதும் எடதும் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்." குழறலை மீறி அழுத்தமாகச் சொன்னார். "எங்கிட்ட எடது கையால கொழுந்துச் சீட்டை நீட்டினவளுக்கு அன்னிக்குப் பேர் போட மாட்டேன். வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவேன். பதினெட்டு வருஷமா. அந்தப் பொம்பளைங்க நாளைக்கு என்னைப் பாக்க வருவாங்க. அவங்க முன்னால நான் இந்தக் கையை எடுக்கறதா?"

தமாண்டா எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கே தெரியாமல் எழுந்தாள்.

"எங்கம்மா கொழுந்து பறிக்கறவங்கதான்" என்றாள். "ஒரு தடவ கவாத்துக் கத்தி வலது கட்டைவிரல்ல எறங்கிடுச்சு. துணி சுத்திட்டுப் போய் பறிச்சாங்க, பாதி கூடைக்கு மேல. சீட்டை எடது கையால நீட்டினாங்க. கங்காணி கைய அசைச்சான். வீட்டுக்கு வந்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நாங்க தண்ணியில உப்புப் போட்டுக் குடிச்சோம்."

"அது நான் இல்ல."

"நீங்க இல்ல."

வெளியே தூறல் தகரக் கூரையில் மணல் போடுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். நகும்வா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா இருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன்" என்றார் கடைசியில்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. மூன்று வாரமாக வெயிலும் காற்றும் படாமல் வெளிறிப்போன கை. கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது.

"திரை சரியா மூடியிருக்கா பாரு."

"மூடியிருக்கு."

"எண்ணு."

பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை சாயவைத்து, அவர் வலது முழங்காலைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே அவள் பூட்டிக்கொண்டாள். நிமிர்ந்தார். நாலு எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை காலை ஒன்பது எண்ணும்வரை நின்றார். மாலை பதினைந்து. மாலையில் திரைக்கு வெளியே ஒரு ஜோடி பழுப்பு ஷூக்கள் வந்து நின்றன. கோண்ட்வேயின் ஷூக்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போயின.

"மாட்டிக்கிட்டே" என்றான் லிம்பானி இரவுச் சாப்பாட்டின்போது. "திரை மூடி நிக்க வெச்சிட்ட, சரி. நாளைக்கு மாமா வந்து நிக்கும்போது திரையை அவரு கண்ணுல கட்டுவியா?"

*

இனி அந்த வியாழக்கிழமை மத்தியானம்.

பிஸ்விக் பெரியவர் பழைய கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வந்தார். கூட வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். ஒருவன் கையில் ஓலைப்பாய் சுருட்டி இருந்தது, ஆளை எடுத்துப்போக. ஏலுபே மண்டியிட்டாள். நகும்வா கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து துடைத்திருந்தது.

"மருமகனே" என்று பெரியவர் வலது கையை நீட்டினார்.

ஏலுபே பழக்கதோஷத்தில் எழுந்தாள். செத்த கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். நகும்வாவின் முகம் வலியில் ஒருபக்கமாக இழுபட்டது. தமாண்டாவுக்குத் தன் விரல் நுனியில் அந்தப் பள்ளம் திறப்பது தெரிந்தது, அவள் தொடாமலே.

"அந்தக் கைய விடுங்கம்மா" என்றாள். பிறகு அவரைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமாவுக்குப் பின்னால், வார்டு வாசலில், தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் கூடைகளோடு நிற்பதையும் பார்த்தார். இடது கை போர்வைக்குள்ளிருந்து வந்தது. நேராக, முழுதாக, விரல் விரித்து, மாமாவின் முன்னால் நீண்டது.

பெரியவரின் கை அசையவில்லை. பிறகு மெதுவாக இறங்கிக் கோட்டுப் பைக்குள் போயிற்று.

நீட்டிய கை அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தமாண்டா எண்ணவில்லை. பிறகு நகும்வா அந்தக் கையைத் திருப்பிக் கம்பியைப் பிடித்தார். முன்னால் சாய்ந்தார். அவள் ஓடிப்போய் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். எழுந்து நின்றார். இருபத்திரண்டு எண்ணும்வரை நின்றார். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் பெரியவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"படிக்க வந்தவ" என்று யாரோ சொன்னார்கள்.

"என் அக்கா பெத்தவன் என் முகத்துக்கு நேரா எடது கைய நீட்டினான்" என்றார். "இவன் சாவுக்கு நான் மண்ணு போட வரமாட்டேன். எங்க ஊருல எவனும் வரமாட்டான். அது அவன் செஞ்சதா இருந்தா. இல்ல, இந்தப் பொண்ணு இழுத்து நீட்டவெச்சதா இருந்தா, அவ எல்லார் முன்னாலயும் மண்டியிட்டு அதைச் சொல்லட்டும். புத்தி கலங்கின மனுஷன், அவருக்குத் தெரியாது, நான்தான் செய்யவெச்சேன்னு சொல்லட்டும். சொன்னா, நின்னாலும் புத்தியில்லாதவன்னு என் மருமகனை நான் கூட்டிட்டுப் போறேன். வெளியில உக்காந்திருக்கேன்."

அவர் போனதும் ஏலுபே தரையில் உட்கார்ந்து சித்தேஞ்சேயால் முகத்தை மூடிக்கொண்டாள். "பொதைக்க ஆளில்லாமப் போச்சே" என்றாள் துணிக்குள்ளிருந்து. "நிக்கறாரு. ஆனா பொதைக்க ஆளில்ல."

நகும்வாவுக்கு மூச்சு வாங்கியது. தமாண்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் என்ன சொல்லணும் அப்பா?"

"என்ன நடந்துச்சோ அது."

"நான்தான் கேட்டேன்."

"கேட்டது நீ." நெஞ்சில் இடது கையை வைத்தார். "நீட்டினது நான். புத்தி கலங்கல. அதை மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துக் குடுத்துடாதே."

ஏலுபே முகத்திலிருந்து துணியை எடுத்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்து, இறங்கிக் கிடந்த வலது கைக்கு அடியில் துணியை மடித்து வைத்தாள்.

*

கோண்ட்வே அறைக் கதவைச் சாத்தினார். மேசையில் அவளுடைய பதிவேடு கிடந்தது. இருபத்தாறில் பத்தொன்பது கையெழுத்து விழுந்திருந்தது.

"உக்காரு."

"நிக்கறேன் சார்." அவள் வலது கையில் ஆணியிலிருந்து எடுத்த ஒரு ஊன்றுகோல். நகும்வாவின் இடது கைக்கு அளந்து எடுத்தது.

"நாலு லட்சம் ஜனத்துக்கு நான் ஒருத்தன்" என்றார். "மலைமேல இருந்து ஒருத்தனைத் தூக்கிட்டு வர ஒரு நாள் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போனா மாமன் முகத்துல எடது கைய நீட்டச் சொல்றாங்கன்னு ஒரு பேச்சு கெளம்பினா போதும். ஒருத்தனும் வரமாட்டான். நாட்டு வைத்தியன் வீட்டுக்குப் போவான். இங்க வந்து கொஞ்சமாவது நல்லாகறவன்கூட வீட்டுலயே செத்துப்போவான். நீ ஒரு கட்டிலைப் பாக்கற. நான் மாவட்டத்தைப் பாக்கணும்."

"கேக்காம விட்டதால எத்தனை பேரு போனாங்க சார்? அந்தப் பேச்சு ஏன் கெளம்பல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

"ரெண்டு நிமிஷ வேலை தமாண்டா. மண்டியிடற, சொல்ற, எந்திரிக்கற. நான் உன் நடத்தைக்குக் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா போட முடியாது. ஆஸ்பத்திரி விடாது. உன் வருஷம் போயிடும். உங்கம்மா கிட்ட என்ன சொல்லுவ?"

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. கட்டைவிரலில் தழும்போடு, இவள் கல்லூரிக்குப் போன அன்று பஸ் நிறுத்தத்தில் நின்ற அம்மா. பெட்டியைத் தூக்கிக்கொடுத்தபோதுகூட இரண்டு கையாலும்தான் கொடுத்தாள், மகளுக்கு.

"நான் சொன்னா அவரைப் பாயில சுருட்டி எடுத்துட்டுப் போவாங்க சார்."

"சொல்லலைன்னா அவருக்கு சாவுக்கு ஆளில்ல."

"சாவுக்கு ஆளில்லைங்கறதை அவரு ஒத்துக்கிட்டாரு. பாய ஒத்துக்கல."

கோண்ட்வே சுவரைப் பார்த்தபடி, "முதல் வருஷத்துல நானும் கேட்டேன்" என்றார். "ஒரு மீன்காரர். நான் மண்டியிட்டேன்."

"அந்த மீன்காரர் என்ன ஆனாரு?"

கூரையில் தூறல் விழுந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சார், நாளைக்கு அவரை மூணு அடி நடக்க வெக்கணும். ஏலுபே அம்மாவுக்கு முட்டுக் குடுக்கச் சொல்லிக் குடுக்கணும். நான் நாளைக்கு இங்க இருக்க மாட்டேன்னா, இன்னிக்கே சொல்லிக் குடுத்துடறேன்."

"வெளியில பெரியவரு உக்காந்திருக்காரு."

"பாத்தேன்."

கோண்ட்வே பதிவேட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். காலியான அந்த வரியைப் பார்த்தார். மூடி, மேசைக்கு மேலாக அவளிடம் நீட்டினார்.

அவள் வலது கையில் ஊன்றுகோல் இருந்தது. சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கால் மடக்கி, இரண்டு கையாலும் வாங்கியிருக்கலாம். அவர் அதற்காகக் கொஞ்சம் காத்திருக்கவும் செய்தார். தமாண்டா இடது கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கினாள். முழங்கையால் கதவைத் தள்ளினாள். தாழ்வாரத்தில், பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி, நிற்காமல், வார்டைப் பார்த்து நடந்தாள்.